பிள்ளை பெற விரும்புவோர் கவனத்துக்கு

பசறை, நமுனுகுலை, மடுல்சீமை, ஹாலிஎல, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் இந்த வருடம் மாலை மாற்றிக்கொண்ட சோடிகளுக்காக எழுதப்படும் வழிகாட்டி இது. கல்யாண ஆல்பம் கைக்கு வருமுன்பே “ஏதும் விசேஷமா?” என்று கேட்கத் தொடங்கியிருப்பார்கள். இதுவரை அதைக் கேட்டவர்கள் மாமியும் பக்கத்துக் காம்பராப் பெரியம்மாவும்தான். இப்போது கொழும்பிலிருந்தும் கேட்கிறார்கள்.

அவர்கள் கவலை நியாயமானது. 2019இல் இலங்கையில் 319,010 பிள்ளைகள் பிறந்தார்கள். 2024இல் 220,761. ஐந்து வருடத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் தொட்டில் குறைந்துவிட்டது. சனத்தொகை வருடத்துக்கு 0.5 வீதம்தான் வளர்கிறது என்று 2024ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு சொல்கிறது. இப்படியே போனால் ஜப்பான் மாதிரி ஆகிவிடுவோம் என்று கருத்தரங்குகளில் எச்சரிக்கிறார்கள். ஜனாதிபதி ஜே.ஆர். காலத்தில் சிங்கப்பூர் மாதிரி ஆகப்போகிறோம் என்றார்கள், ஆகவில்லை. ஜப்பான் விஷயத்தில் கொஞ்சம் முன்னேறியிருக்கிறோம்.

ஆகவே நாட்டுக்காக ஒரு பிள்ளை பெற்றுத் தரலாம் என்று உங்களுக்குத் தோன்றினால், கீழே உள்ளவற்றைக் கவனமாக வாசித்து, பிறகு விளக்கை அணைக்கவும்.

கேட்பவர் யார் என்று பாருங்கள்

தோட்டத்துப் பிள்ளை எப்போதும் யாரோ ஒருவருடைய கணக்கில் ஏறித்தான் பிறந்திருக்கிறது. கோப்பி அழிந்து தேயிலை வந்தபோது துரைமாருக்கு வருடம் முழுக்க ஆள் தேவைப்பட்டது. ஆணை மட்டும் கூட்டிவந்தால் ஊருக்குத் திரும்பிவிடுவான். குடும்பமாகக் கூட்டிவந்தால் நின்றுவிடுவான். பெண்ணுக்குக் குறைத்துக் கொடுக்கலாம் (சம சம்பளம் 1984இல்தான் வந்தது). பிள்ளையும் கொஞ்சம் வளர்ந்ததும் மலைக்கு வந்துவிடும். அந்தக் காலத்தில் உங்கள் பூட்டி பத்துப் பெற்றாலும் ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பத்தில் எத்தனை தங்கியது என்றும் கேட்கவில்லை.

பிறகு காற்று மாறியது. 1948இல் குடியுரிமை போனது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவும் சாஸ்திரியும் புதுடில்லியில் கையெழுத்திட்டார்கள்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம். (பிறகு பார்த்தது 1974இல், பாதி பாதி.) அந்த ஒப்பந்தத்தில் பலர் கவனிக்காமல் விடும் ஓர் இடம் உண்டு. பிரித்தது இருந்தவர்களை மட்டுமல்ல. அவர்களுக்கு இனிமேல் பிறக்கப்போகிற பிள்ளைகளையும் “இயற்கை அதிகரிப்பு” என்று சொல்லி அந்தந்தப் பங்கோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். தாய்க்கு மசக்கை வருமுன்பே எந்தக் கரை என்று இரண்டு பிரதமர்கள் எழுதிவைத்துவிட்டார்கள். எந்த வள்ளுவனும் அவ்வளவு முன்கூட்டி ஜாதகம் கணித்ததில்லை.

அதற்கும் பிறகு வந்தது “போதும்” என்ற காலம். எண்பதுகளின் தொடக்கத்தில் கருத்தடை ஆப்பரேஷன் செய்துகொண்டவர்களுக்கு அரசாங்கம் 500 ரூபா வரை கொடுத்தது. பல வாரம் கொழுந்து பறித்துச் சேர்க்க வேண்டிய காசு அது. தோட்டங்களில் அதற்கு எல்.ஆர்.டி. என்று பெயர், எழுதப் படிக்கத் தெரியாத கிழவிக்கும் அந்த மூன்று இங்கிலீஷ் எழுத்தும் தெரியும். லொறியில் ஏற்றிப்போய் இறக்கிய கதைகளை உங்கள் அம்மாயியிடம் கேளுங்கள், சிரித்துக்கொண்டே சொல்வார். நிரந்தரக் கருத்தடை நாட்டில் எங்கே மிக அதிகம் என்று பார்த்த ஆய்வுகள் தோட்டத்துறையைத்தான் காட்டின. மானிடவியலாளர் சசிகுமார் பாலசுந்தரம் 2011இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரைக்குக் “கருப்பைகளைத் திருடுதல்” என்று பொருள்படத் தலைப்பு வைத்தார். கடுமையான தலைப்புத்தான். ஆனால் ஒரு பெண் மூன்றாவது பிள்ளை வேண்டாம் என்று தானே முடிவெடுப்பதும், ஒரு மாதச் சாப்பாட்டுக் காசை மேசையில் வைத்துவிட்டு “நீங்களே முடிவெடுங்கள் அம்மா” என்று சொல்வதும் ஒன்றல்ல.

இனி ஒருவர் வந்து நாட்டுக்குப் பிள்ளை தேவை என்று சொன்னால், நாற்காலி போட்டு, பிளேன்டீ கொடுத்து, இது எந்தக் கணக்கில் ஏறப்போகிறது என்று மரியாதையாகக் கேளுங்கள். கூலிக் கணக்கா, கப்பல் கணக்கா, எல்.ஆர்.டி. கணக்கா, ஓய்வூதியக் கணக்கா?

காசு

2024 மே தினத்தன்று கொட்டகலை மேடையில் நாட் சம்பளம் 1,700 ரூபா என்று அப்போதைய ஜனாதிபதி அறிவித்தார். கம்பனிகள் நீதிமன்றம் போயின. செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்தது 1,350. இந்த 350 ரூபா வித்தியாசத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பிள்ளை வளர்ப்பில் மேடைக் காசை வைத்துப் பட்ஜெட் போடக்கூடாது என்பது முதல் பாடம். 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் சம்பளத்தை 1,550 ஆக்கி, வேலைக்கு வரும் நாளுக்கு அரசாங்கம் 200 ரூபா போடும் என்றார்கள். சரி, தாராளமாக 1,750 என்றே வைப்போம். மாதம் 25 நாள் வேலை செய்து 25 பேர் விழுந்தால் 43,750.

விழுந்தால். மழை பெய்து, கொழுந்து இருந்து, நிர்வாகம் வேலை கொடுத்து, நிறுவையில் நோம் என்கிற அன்றாடக் கிலோக் கணக்கு வந்தால். கிலோ குறைந்தால் அரைப்பேர். அதிலே ஈ.பி.எப்., சங்கச் சந்தா, கோயில் காசு, தீபாவளிக்கு வாங்கிய முற்பணம் எல்லாம் கழிந்து மிச்சம் கையில். 400 கிராம் பால்மாப் பெட்டி ஆயிரத்தைத் தாண்டி நிற்கிறது. ஆகவே ஒரு நாள் பேரின் பெரும்பகுதியைப் பிள்ளை குடித்துவிடும். பம்பஸ் பற்றி இந்த வழிகாட்டி பேசாது. பழைய வேட்டி இருக்கும்வரை பம்பஸ் என்பது பதுளை டவுனுக்குப் போகும்போது மட்டும் போடுகிற உடுப்பு.

இதே காசு விஷயத்தில் ஜப்பானில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அங்கே பிள்ளை பெற்றால் 500,000 யென் கொடுக்கிறார்கள். மூன்று வயதுவரை மாதம் 15,000, பிறகு உயர்தரம் படிக்கிற வயதுவரை மாதம் 10,000, மூன்றாவது பிள்ளை என்றால் 30,000. பிள்ளைகளுக்கென்றே 2023 ஏப்ரலில் ஒரு தனி முகவரகம் திறந்தார்கள். திறந்த வருடம் ஏறக்குறைய 727,000 ஜப்பானியப் பிள்ளைகள் பிறந்தார்கள். அடுத்த வருடம் ஏறக்குறைய 686,000. ஆசைப்பட்ட எண்ணிக்கையில் பிள்ளை பெறாத தம்பதிகளிடம் 2021இல் காரணம் கேட்டபோது, பாதிக்கு மேற்பட்டோர் செலவு தாங்காது என்றார்கள். யென்னிலும் தாங்காது, ரூபாவிலும் தாங்காது. ஆனால் அவர்கள் தாங்காது என்று சொன்னால் அது தேசிய நெருக்கடி. நீங்கள் சொன்னால், “அந்தக் காலத்தில் எங்களை வளர்க்கவில்லையா?”

இடம்

கருத்தடை முறைகளில் மிக மலிவானது லயக்காம்பரா. பத்துக்குப் பன்னிரண்டு அடி, முன்னால் ஒரு இஸ்தோப்பு, நடுவில் ஒரு சேலைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் மாமா, மாமி, பரீட்சைக்குப் படிக்கும் கொழுந்தனார். பல லயங்களில் நடுச்சுவர் கூரைவரை போகாது. ஒரு காம்பராவில் இருமினால் ஆறாவது காம்பராவில் மல்லித்தண்ணி வைப்பார்கள். இந்த நிலையில் பிறப்பு வீதம் இவ்வளவாவது இருப்பதற்கு நாடு நன்றி சொல்ல வேண்டும். புதுச் சோடிகளுக்கு நாம் தரக்கூடிய ஆலோசனை, திருவிழாக் காலத்தில் எல்லாரும் கோயிலுக்குப் போகும்போது தலைவலி வரவழைத்துக்கொள்வது.

தனி வீடு கட்டலாமே என்பீர்கள். ஏழு பேர்ச்சஸ் காணியும் வீடும் என்ற திட்டம் இருக்கிறது. பட்டியலில் பெயர் வர வேண்டும், பெயர் வருவதற்குச் சங்கத்தில் தலைவரைப் பார்க்க வேண்டும், தலைவரைப் பார்ப்பதற்கு நீங்கள் எந்தச் சங்கம் என்பது முக்கியம். பிள்ளை வயதுக்கு வருவதற்குள் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

கிடைத்தால் மேலே நிமிர்ந்து மலையையும் பார்த்துக்கொள்ளுங்கள். கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது, பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பிவந்து வீட்டைத் தேடினார்கள். அந்த இடம் ஆபத்து என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோதும் பதுளை மாவட்டத்து மலைகள் சரிந்தன. இதில் பகிடி பண்ண ஒன்றும் இல்லை. அடுத்த பகுதிக்குப் போவோம்.

போகுமுன் ஒன்று. ஜப்பானில் 2023இல் எண்ணியபோது 90 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. இங்கே மூன்று தலைமுறை ஒரு காம்பராவில். அங்கே பிள்ளை இல்லாததால் வீடு காலி. இங்கே வீடு இல்லாததால் தொட்டில் காலி. இரண்டு நாட்டு நிபுணர்களும் ஒரே மேசையில் இருந்து ஒரே வரைபடத்தைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார்கள்.

பிறந்ததும்

பிரசவ லீவு 84 நாள். 2018வரை மூன்றாவது பிள்ளைக்கு அதில் பாதிதான், 42 நாள். இரண்டைப் பெற்றவளுக்கு உடம்பு பழகியிருக்கும் என்று சட்டம் நினைத்திருந்தது. சம்பளத்தில் ஏழில் ஆறு பங்கு கிடைக்கும். ஏழாவது பங்கு எதற்குப் பிடிக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். வீட்டில் சும்மா படுத்திருந்து பிள்ளையைக் கொஞ்சிய குற்றத்துக்காக இருக்கலாம்.

பெயர் வைக்கும்போது எண்சாத்திரம் பார்ப்பதைவிட, சிங்களத்தில் எழுதினால் பிழைக்குமா என்று பாருங்கள். ஒரு கொம்பும் ஒரு புள்ளியும் இடம் மாறினால் உங்கள் மகன் பிறப்புச் சான்றிதழில் ஒருவன், பாடசாலையில் ஒருவன், அடையாள அட்டையில் ஒருவன் என்று மூன்று ஆளாகிவிடுவான். நாட்டின் சனத்தொகையைக் கூட்ட இது ஒரு வழிதான், ஆனால் மூவருக்கும் சேர்த்து ஒரே பாஸ்போர்ட்தான் கொடுப்பார்கள். கவுண்டரிலேயே நின்று ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். பின்னால் வரிசையில் நிற்பவர் சத்தம் போட்டால் போடட்டும்.

வளர்ப்பு

84 நாள் முடிந்தபின் பிள்ளை பிள்ளைமடுவத்துக்கு, தாய் மலைக்கு. காலையில் ஆயாவிடம் கொடுக்கும்போது சேலையைப் பிடித்து இழுக்கும். இழுக்கட்டும், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு நேரமாகிறது. இடையில் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்ப ஓடலாம். நோம் குறையும். பால் முக்கியமா நோம் முக்கியமா என்ற கேள்விக்கு 2016ஆம் ஆண்டுக் குடித்தொகைச் சுகாதார ஆய்வு ஒருவாறு பதில் சொல்லியிருக்கிறது: நாட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் 17.3 வீதம் வயதுக்கேற்ற உயரம் இல்லை, தோட்டத்தில் 31.7 வீதம். உங்கள் பிள்ளை குள்ளமாக இருந்தால் பரம்பரை என்று சொல்வார்கள். பரம்பரைதான். ஆறு தலைமுறையாக அதே சம்பளப் பரம்பரை.

இந்தக் காசில் முடியாது என்று தெரிந்தபின் பிள்ளையை நன்றாக வளர்ப்பதற்கு இங்கே எல்லாரும் பின்பற்றுகிற, கைகண்ட முறை ஒன்று உண்டு. பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விடுவது. தகப்பன் கொழும்பில் கடைக்கு, தாய் குவைத்துக்கோ சவூதிக்கோ. இந்த முடிவு பெரிய பேச்சுவார்த்தை எதுவும் இல்லாமல் அடுப்படியில் நடக்கும்:

“மாமி, நான் போனா புள்ளைய யாரு பாக்குறது?”

“நீ இருக்கையில மட்டும் யாரு பாத்தா? நீ மலையில நின்ன, நாந்தானே பாத்தேன். போயிட்டு வா புள்ள. அந்த லோன்காரன் வெள்ளிக்கிழம வந்து வாசல்ல நிக்கிறானே, அவன மொத ஒழிச்சுக் கட்டு.”

அரசாங்கமும் இதைப் பற்றி அக்கறை எடுத்தது. 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்று கொண்டுவந்து, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் வீட்டுவேலைக்கு வெளிநாடு போகக்கூடாது என்றார்கள். தகப்பனுக்கு அப்படி அறிக்கை இல்லை. 2022இல் நாட்டில் டொலர் முடிந்தது. ஐந்து வயது என்பது இரண்டு வயதாகக் குறைந்தது. தாய்ப்பாசம் எத்தனை வயதுவரை தேவை என்பதை மத்திய வங்கியின் கையிருப்பைப் பார்த்துத் தீர்மானிக்கலாம் என்று அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது.

வீடியோ கோலில் பிள்ளை வளர்க்கும்போது மறக்கக்கூடாதவை: சிக்னல் லயத்தில் இருக்காது, கோயில் மேட்டில் இருக்கும், அங்கே கூட்டிப்போக ஆள் வேண்டும். முதல் வருடம் பிள்ளை போனை நக்கும். இரண்டாம் வருடம் போனைப் பார்த்து அம்மா என்று சொல்லும். மூன்றாம் வருடம் விமான நிலையத்தில் உங்களைப் பார்த்து மாமியின் பின்னால் ஒளிந்துகொள்ளும். மனம் தளராதீர்கள். கொண்டுவந்த சொக்லட்டைக் காட்டுங்கள்.

படிப்பு

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை தகப்பன், தாய், அம்மாயி, ஆட்டோக்காரர் நால்வரும் சேர்ந்து எழுதுவது. டியூசன் பதுளையிலோ பண்டாரவளையிலோ. பஸ் வராவிட்டால் ஆட்டோ. ஜப்பானிலும் பிள்ளைகள் ராத்திரி வரைக்கும் ஜுகு என்ற டியூசனில்தான் கிடக்கிறார்கள், ஒரு பிள்ளைக்கு மேல் வேண்டாம் என்று பெற்றோர் நினைக்க அதுவும் ஒரு காரணம். இந்த ஒரு துறையில் நாம் அவர்களுக்குக் கொஞ்சமும் சளைத்தவர்கள் அல்ல. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் இல்லாத பாடசாலையில் படித்து கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் பரீட்சை எழுதுவது எப்படி என்பது தனிப் புத்தகமாக எழுத வேண்டிய விஷயம்.

முதலீட்டின் பலன்

இருபது வருடம் கழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மகள் உயர்தரம் முடித்துவிட்டாள். மலைக்குப் போக மாட்டாள். நீங்களும் போகச் சொல்ல மாட்டீர்கள். டவுனில் மாடிக்கட்டடம் ஒன்றில் ஜப்பானிய மொழி வகுப்பு நடக்கிறது. 2019இல் இரண்டு நாடும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி பராமரிப்பு வேலைக்கு நம் பிள்ளைகள் அங்கே போகலாம். அங்கே கிழவர்கள் நிறைய, தூக்கிப் படுக்க வைக்க ஆள் இல்லை. ஓஜி என்ற பெரிய கம்பனி 2024இல் ஜப்பானில் குழந்தைகளுக்கான பம்பஸ் செய்வதை நிறுத்திவிட்டுப் பெரியவர்களுக்கான பம்பஸில் கவனத்தைத் திருப்பியிருக்கிறது.

வரவு செலவைக் கூட்டிப் பாருங்கள். பம்பஸ் வாங்க முடியாமல் வேட்டித் துணியில் நீங்கள் வளர்த்த பிள்ளை, பிள்ளை பெறாத ஒருவருக்குப் பம்பஸ் மாற்றி மாதாமாதம் காசு அனுப்பும். நாட்டுக்கு அந்நியச் செலாவணி. ஜப்பானுக்கு ஆள். உங்கள் இடுப்புவலிக்குத் தைலம் தேய்க்க மட்டும் ஆள் இல்லை. அதற்கு ஜப்பான் மாதிரி வெளிநாட்டிலிருந்து யாரையும் எடுக்க நமக்கு வசதி போதாது.

வாசகர் கேட்கக்கூடியவை

நல்ல வருடம் எது? ஜப்பானியர் 1966ஐத் தீக்குதிரை வருடம் என்று பயந்து, அந்த வருடம் பிறந்த பெண் புருஷனை விழுங்குவாள் என்று நம்பி, பிறப்பைக் கால்பங்கு குறைத்துவிட்டார்கள். அறுபது வருடத்துக்கு ஒருமுறை வரும் அந்த வருடம் 2026இல் மறுபடி வருகிறது. ஆடியில் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புகிற நமக்கு இதில் சிரிக்க அதிகம் உரிமை இல்லை. தேயிலை விலை நன்றாக இருக்கும் வருடமாகப் பாருங்கள்.

ஆணா, பெண்ணா? ஆண் என்றால் புறக்கோட்டையில் கடை. பெண் என்றால் கார்மென்ட். ஜப்பான் இருவரையும் எடுக்கிறது.

அரசாங்கத்தின் அஸ்வெசும நிவாரணக் காசு கிடைக்குமா? விண்ணப்பியுங்கள். வீட்டில் டிவி இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

இரண்டாவது பிள்ளை? மேலே சொன்ன எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கவும். காம்பராவை மட்டும் பெருக்க முடியாது.

யோசித்துப் பார்த்தோம், பிள்ளையே வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டோம், என்ன செய்ய வேண்டும்? இதற்குப் படிவம் இல்லை, 500 ரூபாவும் இப்போது இல்லை. கொழும்புக்காரர்களுக்கு நீங்கள் ஒன்றும் அறிவிக்கத் தேவையில்லை. அவர்களே அடுத்த குடிசன மதிப்பீட்டில் தெரிந்துகொள்வார்கள். மாமியிடம் மட்டும் நீங்களேதான் சொல்ல வேண்டும். இந்த வழிகாட்டியில் வாசித்தோம் என்று தயவுசெய்து சொல்ல வேண்டாம்.